நாப்பத்தி ஓராவது பக்கம்

அக்கா, நீங்க ஜன்னலோரமா உக்காந்துக்கிறீங்களா? இல்ல இல்ல, வாந்தியெல்லாம் வராது. அந்தக் கண்ணாடி என் தோள்ல இடிச்சுக்கிட்டு நடுங்குது, அது எனக்கு ஆகல. வண்டி கெளம்புனா நின்னுரும், பாருங்க. ஆ, எடுத்துட்டான். நின்னுருச்சா? வேகம் கூடுனா அடங்கிரும். எஞ்சின் ஒரு சுத்துல, அந்த ஒரு வேகத்துல, உறுமுறப்ப மட்டும் அந்தக் கண்ணாடியைப் புடிச்சுக்கும். மத்த நேரம் அதுபாட்டுக்குக் கெடக்கும்.

எனக்கு இதுதான் வேலைக்கா. எது எந்தச் சுத்துல நடுங்கும்னு கணக்குப் போடுற வேலை. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி, பதினோரு வருசமா டிசைன்ல இருக்கேன். ஜெயசீலின்னு பேரு. இப்ப திண்டுக்கல்லுக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். உடம்புக்கு முடியலன்னு லீவு சொல்லியிருக்கேன். நீங்க தாராபுரம் தாண்டித்தானே எறங்குவீங்க? சரி, அப்பச் சரி.

நீங்க என்ன வேலை? பனியன் கம்பெனியில செக்கிங்கா? ஓட்டை விழுந்த பீஸைப் பாத்தா என்ன செய்வீங்க, தனியா எடுத்துப் போட்டுருவீங்க, அவ்வளவுதானே? ஒங்க வேலை சுலபம்க்கா. தப்பா நெனைக்காதீங்க. ஓட்டைன்னா ஓட்டைன்னு கண்ணுக்குத் தெரியுதுல்ல.

நான் செய்யிற சாமான் இவ்வளவுதான் இருக்கும். இருமல் மருந்து பாட்டில் மூடி இருக்குல்ல, அந்த அளவுல ஒரு எஃகுக் கோப்பை. அடியில நடுவுல ஒரு தண்டு. அந்தத் தண்டுலதான் கோப்பை நிக்கும். கோப்பையோட அடியில சின்னச் சின்னத் தகடு ஒட்டியிருப்போம், கரண்ட் குடுத்தா அது கோப்பையை நடுங்க வைக்கும். விளிம்பு வட்டமா இருக்குல்ல, அது இப்படி முட்டை மாதிரி ஆகும், அப்புறம் அப்படி முட்டை மாதிரி ஆகும். கண்ணுக்குத் தெரியாது. செகண்டுக்கு ஆயிரக்கணக்குல. இப்ப அந்தக் கோப்பையை நீங்க லேசாத் திருப்புனீங்கன்னா, அந்த நடுக்கம் கூடவே திரும்பாம கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குச்சுன்னு பாத்தா எவ்வளவு திரும்புனீங்கன்னு சொல்லிரலாம். அவ்வளவுதான். சக்கரம் கெடையாது, சுத்துறது எதுவும் கெடையாது. நடுங்குறதை வச்சே திரும்புறதைக் கண்டுபுடிக்கிறது. ஒங்க போன்ல மேப்பு போட்டு நீங்க திரும்புனா அம்புக்குறியும் திரும்புதுல்ல? அதுக்குள்ளயும் இந்த மாதிரி ஒண்ணு பொடிசா இருக்கு. வேற வடிவம், அவ்வளவுதான்.

அந்தத் தண்டுதான்க்கா என் பொறுப்பு. கோப்பை வேற ஒருத்தர். தண்டு நான்.

தண்டு தடிமனா இருந்தா கோப்பையோட நடுக்கம் அது வழியா கீழ ஒழுகிரும். அளவு தப்பும். ஒல்லியாக்குனா நடுக்கம் மேலயே நிக்கும், அளவு அவ்வளவு சுத்தமா வரும். ஆனா ஒல்லித் தண்டுல கோப்பை தலையாட்டும். அப்படித்தான் நாங்க சொல்லுவோம், தலையாட்டல்னு. வெளியேருந்து சரியான சுத்துல ஒரு இரைச்சல் வந்துச்சுன்னா, கோப்பை சும்மா நின்ன எடத்துலயே தலையாட்ட ஆரம்பிச்சுரும். அப்ப அது திரும்பாமயே 'திரும்பிட்டேன்'னு சொல்லும். பொய் சொல்லும்.

நாலு மில்லி இருந்த தண்டை நான் மூணேகால் மில்லி ஆக்குனேன். ஏன்னா நாலு மில்லியில அளவு சுமாராத்தான் வந்துச்சு. மூணேகால்ல வந்த அளவைப் பாத்துட்டு கஜேந்திரன் சார், அவருதான் எங்க முதலாளி, அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டே மூணு பேருக்குப் போன் போட்டாரு. "நம்ம ஜெயசீலி சாதிச்சுட்டாங்க"ன்னாரு. நல்ல மனுசன்க்கா. திட்டவே மாட்டாரு. பதினோரு வருசத்துல ஒரு தடவை சத்தம் போட்டதில்ல. அதுதான் பயம். திட்டுறவங்ககிட்டயாவது எதையும் சொல்லிரலாம்.

அந்த வாரமே சார் வாக்குக் குடுத்துட்டாரு. தாராபுரம் பக்கம் காத்தாடிங்க இருக்குல்ல, கரண்ட் எடுக்குறது, அதுக்கு றெக்கை வேலை பாக்குற தூக்கு வண்டிக்காரங்களுக்கு. லாரி மேல நீளமா ஒரு கை, அது முனையில ஆள் நிக்கிறதுக்கு ஒரு பக்கெட். அம்பது மீட்டர் போகும். அவ்வளவு ஒசரத்துல பக்கெட் தன்பாட்டுக்கு லேசா முறுக்கிக்கும். எங்க சாமான் 'இவ்வளவு திரும்பிருச்சு'ன்னு சொல்லும், அடியில இருக்குற மோட்டார் அதைத் திருப்பி நேராக்கிரும். றெக்கையில கை வச்சு வேலை பாக்குற ஆளுக்கு ஆடாம நிக்கும். நல்ல விசயம்தானே? பதினோரு வண்டிக்கு.

கம்ப்யூட்டர்ல நான் அப்பவே பாத்துட்டேன். அந்தத் தலையாட்டல் எந்தச் சுத்துல வருதுன்னு. லாரியில ஆயில் பம்ப் ஒண்ணு ஊளையிடும், அந்த ஊளை கை வழியா பக்கெட் வரைக்கும் ஏறும். எஞ்சின் வேகமா ஓடும்போது ஊளை ரொம்ப மேல, பிரச்சனையே இல்ல. எஞ்சினைக் கொறச்சா ஊளை எறங்கும். எறங்கி, எறங்கி, நேரா வந்து என் தண்டு தலையாட்டுற எடத்துல உக்காரும். அப்ப சாமான் பொய் சொல்லும், அதை நம்பி மோட்டார் பக்கெட்டைத் திருப்பிரும்.

நான் எழுதுனேன்க்கா. எழுதலன்னு யாரும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டுல நாப்பத்தி ஓராவது பக்கத்துல எழுதியிருக்கேன். 'குறைந்த எஞ்சின் வேகத்தில் மேலும் ஆய்வு தேவைப்படலாம்.' மொதல்ல ரெண்டாவது பக்கத்துலதான் இருந்துச்சு, படம் போட்டு, செவப்புக் கோடு போட்டு. அப்புறம் படிக்கிறவங்க பயந்துருவாங்கன்னு பின்னாடி கொண்டுபோனேன். அங்க படம் பொருந்தல, எடுத்துட்டேன். செவப்புக் கோடு இல்லாம ஒரு வரியா நின்னுச்சு. ஆனா இருக்கு. கையெழுத்தோட இருக்கு.

சாமானைப் பொருத்தின அன்னைக்கு நானே போயிருந்தேன். அங்கதான் இசக்கிராஜைப் பாத்தேன். பக்கெட்ல ஏறி றெக்கை ஒட்டுறவரு. கயத்தாறுக்காரரு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், குடும்பத்தோட தாராபுரத்துல வாடகை வீட்டுல இருக்காரு. நான் சொல்லச்சொல்ல ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டாரு. "ஒங்க நம்பர் குடுங்க மேடம், சந்தேகம் வந்தா கேக்கணும்லா"ன்னாரு. குடுத்தேன். ஏன் குடுத்தேன்!

பதினாறு நாள்தான். கேண்டீன்ல இருந்தேன். போன் வந்துச்சு.

"மேடம், இசக்கிராஜ் பேசுதேன். பக்கெட் தன்னால திரும்புது பாத்துக்கிடுங்க."

என் கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சேன். எனக்கு ஒடனே தெரிஞ்சு போச்சு. எந்தச் சுத்துன்னுகூடத் தெரிஞ்சு போச்சு.

"காத்தா இருக்கும்ங்க"ன்னேன்.

"மாசி மாசத்துல ஏது மேடம் காத்து? காத்து இல்லாத மாசம்னுதானே றெக்கையைத் தொடுதோம். பதினெட்டு வருசமா இதுலதான் கெடக்கேன். காத்து திருப்புனா மெதுவாத் திருப்பும். இது யாரோ புடிச்சு வெடுக்குனு இழுக்குத மாதிரி இருக்கு."

"எவ்வளவு திரும்புச்சு?"

"ஒரு முழம் இருக்கும். றெக்கையில மோதல. மோதுததுக்கு இன்னொரு முழந்தான் பாக்கி."

நான் பாக்குறேன்னு சொன்னேன். அப்புறம் சொன்னேன், "எஞ்சின் வேகத்தை மட்டும் கொறைக்காதீங்க. மேல நிக்கிறப்ப டிரைவரை எஞ்சினை எறக்க விடாதீங்க"ன்னு. இதை நான் சொன்னேன்க்கா. ரெண்டு தடவை சொன்னேன். ஏன் மேடம்னு கேட்டாரு. அதுக்கு என்னத்தைச் சொல்றது? தண்டு, தலையாட்டல்னு போன்ல வெளக்க முடியுமா? "ஆயில் சூடாயிரும், பம்ப் கெட்டுரும்"னு சொன்னேன். "சரி மேடம், டிரைவர்ட்ட சொல்லிருதேன்"னு வச்சுட்டாரு.

காரணம் வேறயா இருந்தா என்ன? சொன்னது சரியான விசயந்தானே?

அதுக்கப்புறம் பயம் புடிச்சுக்கிச்சு. நான் அப்ப இருந்த இருப்பு ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது. போன் மணியடிச்சா அவரோன்னு பேரைப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். அடிக்கலன்னா, ஏன் அடிக்கலன்னு இருக்கும். போனை மேசைமேல வைப்ரேட்ல வச்சா அந்தத் தடதடப்பே தாங்காது, மணியை மட்டும் வச்சுக்கிட்டேன். ஆயில் சூடாயிரும்னு சொன்னோமே, அந்த டிரைவர் 'ஆயில் நல்லாத்தானே இருக்கு'ன்னு எறக்குனா? டிரைவர் மாறுனா? புது டிரைவர்கிட்ட யாரு சொல்லுவா? பதினோரு வண்டி, பதினோரு டிரைவர். நான் சொன்னது ஒரு ஆளுகிட்ட. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசையில நின்னா சாமியார் பேசறது காதுல ஏறாது, மைக்குல ஒரு இரைச்சல் இருக்கும், அது எத்தனை சுத்துன்னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியார்கிட்ட செஞ்ச பாவத்தைச் சொல்றதுக்கு, வரிசையில நின்னு, என் முறை வர்றதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. சொன்னா அவரும் பயப்படுவாரு, ரெண்டு பேரு பயந்து என்ன ஆகப்போகுது?

சார்கிட்டயா? சார் அந்த வாரம் பூனாவுல இருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிக்கிட்டு இருந்தாரு. என்னை நடுவுல நிக்க வச்சு. "இவங்க தண்டுதான்"னு சொல்லி. எப்படிச் சொல்றது நீங்களே சொல்லுங்க. நான் பாட்டுக்கு நாலு மில்லிக்கு மறுபடி வரையத் தொடங்கிட்டேன், அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா எல்லாத்தையும் சத்தமில்லாம மாத்தியிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு மாசம் பொறுக்கல இசக்கிராஜ்.

ஒம்பது நாள் கழிச்சு சார் கூப்புட்டாரு. "ஏனுங்கம்மா, அந்த இசக்கிராஜ் பக்கெட்ல ஏற மாட்டேங்குறாராம். அந்த மேடம் கூட வந்து மேல நின்னாத்தான் ஏறுவேங்குறாராம். ஒரு நடை போயிட்டு வந்துருங்க"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

எனக்கு ஒசரம்னா பயம்க்கா. மொட்டை மாடிக் கைப்புடிச்சுவர்கிட்டகூடப் போக மாட்டேன். ஒரு பொம்பளையை அப்படி மேல வந்து நில்லுன்னு சொல்லலாமா? இசக்கிராஜ் பாட்டுக்குக் கூப்புட்டாரு. அது எனக்கு இன்னும் ஆறல.

போனேன். காலைல பத்து மணி இருக்கும், நல்ல வெயிலு. இடுப்புல, தொடையில எல்லாம் வாரு போட்டுவிட்டாங்க, ரெண்டு கொக்கி. நான் என் கொக்கியை நாலு தடவை இழுத்துப் பாத்தேன். டிரைவர் புது ஆளு. இவருகிட்ட சொல்லியிருக்காங்களான்னு கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா ஏன்னு கேப்பாங்க.

மேல போகப் போக எல்லாம் சின்னதாச்சு. தென்னந்தோப்பு, கோழிப்பண்ணைக் கூரை, ரோட்டுல ஒரு பஸ்ஸு. நான் கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருந்தேன். றெக்கை கீழேருந்து பாத்தா கத்தி மாதிரித்தான் தெரியும். கிட்டப்போனா ஒரு வீட்டுச் சுவரு அகலம்க்கா. அதைப் பூட்டி வச்சு நேராத் தொங்க விட்டிருந்தாங்க. அதோட விளிம்புக்கு ஒரு முழத்துல பக்கெட் போயி நின்னுச்சு. ஆடவே இல்ல. எஞ்சின் வேகமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஊளை மேல இருந்துச்சு. என் சாமான் அவ்வளவு அழகா வேலை பாத்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல"ன்னேன்.

இசக்கிராஜ் எடது கையை பக்கெட் கம்பிமேல வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. சாதாரணமாத்தான் பாத்தாரு.

"இப்ப ஆகாது மேடம். நீங்க எஞ்சினைக் கொறைக்காதேன்னு சொன்னதுலேர்ந்து நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். பம்பு கெட்டுரும்னு சொன்னீங்க. பம்புக்காரங்ககிட்ட கேட்டேன், அதெல்லாம் ஒண்ணும் கெடாதுங்காங்க. எஞ்சின் எறங்கும்போதுதான் இது இழுக்குது. நாலு தடவை எழுதி வச்சிருக்கேன். ஒங்க கண்ணால பாருங்க, அப்பத்தான் ஒங்களுக்குக் கண்டுபுடிக்கத் தோதா இருக்கும்."

சொல்லிட்டு வலது கையைத் தூக்கிக் கீழ டிரைவருக்குச் சைகை காட்டுனாரு. இப்படி, உள்ளங்கையைக் கீழ அமுக்குற மாதிரி.

"வேணாம்!"னு கத்துனேன். "எறக்கச் சொல்லாதீங்க! அந்தச் சுத்துக்கு வந்தா திரும்பிரும்!"

அவரு கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

"தெரியுமா ஒங்களுக்கு?"ன்னாரு.

அவ்வளவுதான்க்கா கேட்டாரு. கோவமாக்கூடக் கேக்கல. கீழ டிரைவர் சைகையைப் பாத்துட்டான். எஞ்சின் எறங்குது. ஊளை எறங்குது. எனக்கு அது எந்த எடத்துல வந்து உக்காரும்னு தெரியும், காதுல கேக்குது, இப்ப, இப்ப, இப்பன்னு. உலகத்துல வேற யாருக்கும் அந்தப் பயம் வந்திருக்காது. மத்தவங்க தெரியாம பயப்படுவாங்க. நான் தெரிஞ்சு பயந்தேன்.

வெடுக்குனு இழுத்துச்சு. றெக்கை என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. அவரு வலது கையால என் தலையைப் புடிச்சுக் கீழ அமுக்குனாரு. முட்டி மடங்கி உக்காந்துட்டேன். மேல ஒரு சத்தம். "செவப்பு! மேடம், செவப்பை அமுக்குங்க!"ன்னாரு. எல்லாத்தையும் நிறுத்துற செவப்புப் பொத்தான் என் முட்டிக்கிட்டதான் இருந்துச்சு. நான் கம்பியைப் புடிச்சிருந்தேன்க்கா, ரெண்டு கையாலயும். எப்படி அமுக்குறது? விட்டாக் கீழ போயிருவேன்ல? கொக்கி இருந்துச்சு, சரிதான். ஆனா அந்த நேரத்துல கொக்கியை யாரு நெனைப்பா?

அவருதான் என் மேல சாஞ்சு, எட்டி, காலால ஒதைச்சு அமுக்குனாரு. நின்னுச்சு. அவரு எடது கை கம்பிக்கும் றெக்கை விளிம்புக்கும் நடுவுல மாட்டியிருந்துச்சு.

கீழேருந்து டிரைவர் எங்களை எறக்க ஆறு நிமிசம் ஆச்சு. என் துப்பட்டாவைத்தான் கையில சுத்துனோம். நான் குடுத்தேன். அதையாவது சொல்லணும்ல, நான்தான் குடுத்தேன்.

மூணு விரல் மடங்காது இப்ப. எடுக்கல, இருக்கு. ஆனா மடங்காது. ஒசரத்துல ஏறக் கூடாதுன்னு டாக்டர் எழுதிட்டாரு.

அப்புறம் வண்டிக் கம்பெனிக்காரங்க விசாரணை வச்சாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "எஞ்சின் வேகத்தைக் குறைக்கக் கூடாதுன்னு நீங்க அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தீங்களா?"

"சொல்லியிருந்தேன். ரெண்டு தடவை"ன்னேன்.

இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? பைபிள்ல கையை வச்சுச் சொல்லச் சொன்னாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஏன் சொன்னீங்கன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். கேக்கல. எழுதிக்கிட்டாங்க. 'அறிவுறுத்தலை மீறி இயக்கியதால்'னு முடிச்சுட்டாங்க. இசக்கிராஜை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தச் சொல்லலியே.

சார் என்னைக் கார்ல கூட்டிட்டு வந்தாரு. பாதி தூரம் வந்தோம். அப்புறம், "நாப்பத்தி ஓராவது பக்கத்தைப் பாத்தேனுங்கம்மா"ன்னாரு. "எழுதி வச்சது நல்லதாப் போச்சு"ன்னாரு. அவ்வளவுதான். மறுபடி அதைப் பத்தி நாங்க பேசுனதே இல்ல. நாலு மில்லித் தண்டு போட்டு பதினோரு சாமானையும் மாத்திக் குடுத்துட்டோம், 'மேம்பட்ட வடிவம்'னு. எனக்குத் தலைமை டிசைனர்னு போர்டு மாட்டுனாங்க. இப்ப யாருக்கும் எந்த ஆபத்தும் இல்ல. நீங்க நிம்மதியாக் காத்தாடியைப் பாக்கலாம். அந்தா, அங்க தெரியுது பாருங்க வரிசையா. நான் பாக்கல, நீங்க பாருங்க.

பயம் அதோட போயிருக்கணும்ல? போகல. ஏன்னா, இசக்கிராஜ் விசாரணையில என்ன சொன்னாருன்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. "மேடம் ஒசரத்துக்குப் பயந்து சத்தம் போட்டாங்க, அந்தக் கவனத்துல நான் கையை எடுக்க மறந்துட்டேன்"னு சொல்லியிருக்காரு. நான் கத்துனது அவரு காதுல நல்லா விழுந்துச்சு. 'அந்தச் சுத்துக்கு வந்தா திரும்பிரும்'னு கத்துனது. தெரியுமா ஒங்களுக்குன்னு என்னைக் கேட்டவரு அவரு. அதை ஏன் சொல்லல?

இதை நெனச்சு நெனச்சே எனக்குத் தூக்கம் போச்சுக்கா. சொல்லியிருந்தா ஒரு தடவையில முடிஞ்சிருக்கும். சொல்லாம வச்சிருக்காரே, எதுக்கு வச்சிருக்காரு? எப்ப எடுப்பாரு? நம்மளைப் புடிக்காத ஒருத்தர் கையில நம்ம முடி இருக்குற மாதிரி.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை, தாங்க முடியாம தாராபுரம் போயிட்டேன். ஆப்பிள், ஆரஞ்செல்லாம் வாங்கிக்கிட்டு. சந்தைக்குப் பின்னாடி ஒரு லைன் வீடு. அவரு வாசல்ல உக்காந்து எடது கையில ஒரு ரப்பர் பந்தை வச்சு அமுக்கப் பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. "வாங்க மேடம்"னு நாற்காலியைத் தொடச்சுப் போட்டாரு. அவரு சம்சாரம் கலர் சோடா வாங்கியாந்து குடுத்தாங்க. அதைக் குடிக்காம கீழ வச்சுட்டேன்.

"அந்தச் சாமானை மாத்தியாச்சா மேடம்?"னுதான் மொதல்ல கேட்டாரு. "எல்லா வண்டியிலயுமா? இப்ப என் எடத்துல வேற ஒருத்தர் ஏறுதாரு, அதான் கேக்கேன்."

"எல்லாத்துலயும் மாத்தியாச்சு"ன்னேன்.

"அது போதும்"னாரு.

அப்புறம் நான் கேட்டுட்டேன். "நீங்க ஏன் அன்னைக்கு அதைச் சொல்லல?"

அவரு பந்தைக் கீழ வச்சாரு. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம். படிச்சவங்க, பெரிய வேலையில இருக்கவங்க. நான் சொன்னா மாட்டிவிடுத மாதிரி ஆயிரும். எவனோ கூலிக்காரன் பழியைத் தள்ளுதாம்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா ஒரு வார்த்தையில தீந்துரும்லா. தப்பு என் மேல இல்லன்னு ஒரு தாள் இருந்தா, ஒசரத்துல ஏற முடியாட்டாலும் கீழயாவது நிக்க ஒரு வேலை குடுப்பாங்க. இப்ப எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சொன்ன பேச்சைக் கேக்காதவம்னு சொல்லுதான். பதினெட்டு வருசத்துல ஒரு நட்டு கீழ போட்டதில்ல மேடம் நான்."

அவரு சம்சாரம் கதவுகிட்ட நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"எப்ப மேடம் சொல்லுவீங்க?"னு அவங்கதான் கேட்டாங்க.

"திங்கக்கிழமை"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு தெரியலக்கா. வாயில வந்துச்சு. அவங்க மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. கையைப் புடிச்சுக்கிட்டாங்க. சாப்புட்டுட்டுத்தான் போகணும்னு ஒக்கார வச்சு, ரசம் வச்சு, முட்டை பொரிச்சு, போதும் போதும்னாலும் விடல. அவரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, எடது கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, வண்டி கெளம்புற வரைக்கும் நின்னாரு.

நான் அதுக்கப்புறம் சார் ரூம் வரைக்கும் போயிருக்கேன். கதவுல கையை வச்சிருக்கேன். பொய் சொல்லல.

என்னக்கா, தாராபுரம் வந்துருச்சா? ஸ்டாண்டுக்குள்ள போவானா, வெளியவே நிறுத்துவானா? உள்ளயா? இருங்க, நான் கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன். ஒங்க பையை என் மடியில வைங்க. முந்தானையை இப்படிப் போட்டுக்கட்டுமா, ஒங்களுது. கொஞ்ச நேரந்தான். அந்த டீக்கடைகிட்ட யாராவது நிக்கிறாங்களா பாருங்க. ஒசரமா, நெத்தியில தழும்போட. ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டிருப்பாரு. இல்லயா? நல்லாப் பாருங்க. சம்சாரம்? சரி, சரி.

கெளம்பிட்டானா? ம்... மன்னிச்சுக்குங்கக்கா. ஒங்க சேலையைக் கசக்கிட்டேன்.

போன் ஏதும் பண்ணலக்கா அவரு. ஒரு தடவைகூடப் பண்ணல. அதான் சொல்றேன், பண்ணித் திட்டுனா நல்லா இருக்கும். அந்தத் திங்கக்கிழமை பூராப் போனைக் கையிலயே வச்சிருந்தேன். அடுத்த திங்கக்கிழமையும். சும்மாவே இருந்துச்சு. நம்பி இருக்காங்க போல. இல்ல, நம்பிக்கை விட்டுப்போச்சோ என்னவோ. ரெண்டுல எதுன்னு தெரியல, எது மோசம்னும் தெரியல.

ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க? நான் சொல்ல மாட்டேன்னு சொல்லலியே. சொல்லுவேன். உடம்பு கொஞ்சம் தேறட்டும். யோசிச்சுப் பாருங்க, திங்கக்கிழமைன்னுதானே சொன்னேன். எந்தத் திங்கக்கிழமைன்னு அவங்களும் கேக்கல.